சுகர் டெஸ்டைத் தாண்டி உங்களுக்கு என்னென்ன பார்த்தார்கள்?

திண்டுக்கல்லிலிருந்து:
அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று லேபுக்குத் தவறாமல் போவார். கண்ணைக் காட்டலாம் என்றால் மட்டும், "பேப்பர் நல்லாத்தானே படிக்கிறேன்" என்பார். தம்பி விடாப்பிடியாகக் கூட்டிப் போனான். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகு விழித்திரையைப் பார்த்தார்கள். சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள்! விழித்திரையின் நடுப்பகுதியைத் தொடாதவரை பார்வை தெளிவாகத்தான் இருக்குமாம். இப்போதைக்கு ஊசி, லேசர் எதுவும் வேண்டாம், சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் போதும் என்றார்கள். பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு தடவை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஆள் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:
எனக்குக் கால், அக்கா. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார் டாக்டர். 10 கிராம் அழுத்தம்தானாம். பெருவிரல் நுனியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நீண்ட நாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதால் வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொன்னார், அது குறைவாக இருந்தது. எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகாமல் முடியுமா? உச்சி வெயிலில் பிரகாரத்துக் கல் சுட்டுக் கொப்புளம் வந்தால்கூட எனக்குத் தெரியாது. அதனால் விடியற்காலையிலேயே போய்விடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன், விரல் இடுக்கையும் சேர்த்து.

கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து:
2021-இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வீட்டிலேயே சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்த அக்காவுக்கு நன்றி சொல்லி மாளாது. ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, சிறுநீரில் புரதம் போகிறதா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. நானே கேட்டு எடுக்க வைத்தேன். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சரியாக இருந்தது. சிறுநீர் அல்புமின் (புரதம்)–கிரியேட்டினின் விகிதம் 30-க்குள் இருக்க வேண்டும், அம்மாவுக்கு அதைத் தாண்டியிருந்தது. சிறுநீரகப் பாதிப்பு ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே இதில் தெரிந்துவிடுமாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும் என்பதால் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன்.