ஸ்வீடிஷ் மவுசர் துப்பாக்கி: தோட்டாக் கூட்டில் குண்டு எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும்?

கேள்வி:
என் எம்96 ஸ்வீடிஷ் மவுசரில் 156 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுகள் 100 மீட்டரில் நெருங்கி விழுகின்றன. 120 கிரெய்ன் குண்டுகளோ சிதறுகின்றன. குழல் தேய்ந்துவிட்டதா?

மறுமொழி 1:
தேய்மானமும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் ஃப்ரீபோரையே, அதாவது குண்டு வரிகளைத் தொடுமுன் கடக்கும் வரியற்ற பகுதியையே, சந்தேகிப்பேன். இந்தத் துப்பாக்கிக்கான 6.5×55 தோட்டா நீண்ட, உருண்டை முனைக் குண்டுக்காக உருவானதால், தோட்டா அறைக்கும் வரிப்பள்ளங்களின் (குண்டைச் சுழற்றும், குழலின் உள்வரிகள்) தொடக்கத்துக்கும் இடையில் அந்தப் பகுதி நீளமாக விடப்பட்டது. குட்டையான குண்டு அந்த இடைவெளியைத் தாவும்போது சற்றே சாய்ந்து வரிகளில் நுழையக்கூடும்.

மறுமொழி 2:
அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். வெடிமருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத தோட்டாக் கூட்டில் குண்டை லேசாகப் பொருத்தி, மார்க்கரால் கறுப்பாக்கி, அறைக்குள் மெதுவாகத் தள்ளி எடுத்தால், வரிகள் தொட்ட இடத்தில் நான்கு மெல்லிய கீறல்கள் தெரியும். 120 கிரெய்ன் குண்டு பெரும்பாலும் வரியை எட்டுவதற்குள் கூட்டின் கழுத்தை விட்டே நழுவிவிடும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எட்டும் குண்டை வரியைத் தொடும்படியே வைத்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். வரியைத் தொட்டபடி தொடங்கும் குண்டுக்கு ஓட்டம் எடுக்க இடமில்லாததால் அழுத்தம் சட்டென ஏறும். மறுபுறம், மிக ஆழமாக அமர்த்தினால் கூட்டின் உள்ளிடம் குறைந்து அதுவும் அழுத்தத்தை உயர்த்தும். வெதர்பி மேக்னம் துப்பாக்கிகளில் ஃப்ரீபோரை வேண்டுமென்றே நீட்டியது, உச்ச அழுத்தத்தைத் தணித்துக் கூடுதல் மருந்து இடுவதற்காகத்தான். 120-க்குப் பதிலாக, அதைவிட நீளமான 140 கிரெய்ன் குண்டே உங்களுக்குப் பொருந்தும். ஆழத்தை மாற்றும்போதெல்லாம் தோட்டா தயாரிப்புக் கையேட்டின் குறைந்தபட்ச மருந்தளவிலிருந்து தொடங்குங்கள்.