33550336: வகுத்திகளைக் கூட்டினால் குறைகிறதே?

கல்லாப்பெட்டி:
ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறேன். மதியம் கூட்டம் குறைந்ததும் பில் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஓர் எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை விட்டுவிட்டுக் கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறைவெண். 6 = 1+2+3. அப்புறம் 28, 496, 8128 மூன்றையும் கையாலேயே சரிபார்த்துவிட்டேன். ஐந்தாவது 33550336. இரண்டு மதியம் கால்குலேட்டரில் கூட்டியும் 33546240தான் வருகிறது. எதை விட்டேன்? நான்கு இலக்கத்திலிருந்து நேராக எட்டு இலக்கத்துக்கு ஏன் தாவுகிறது?

சாக்பீஸ்:
தம்பி, கழித்துப் பாருங்கள், 4096 வரும். நீங்கள் விட்ட வகுத்தி அதுதான். இந்த எண் 4096 × 8191. முதல் வரிசை 1, 2, 4 என்று இரட்டித்து 4096 வரை போகும், மொத்தம் 13 எண்கள். இரண்டாவது வரிசை 8191, 16382 என்று தொடங்கி 2048 × 8191 வரை, 12 எண்கள். இரண்டாவது 2048 மடங்கோடு நிற்பதால் முதலாவதையும் அங்கேயே நிறுத்தியிருப்பீர்கள்.

25 எண்களைத் தனித்தனியாகக் கூட்டவே வேண்டாம். முதல் வரிசையின் கூட்டுத்தொகை 8191. இரண்டாவதன் கூட்டுத்தொகை 4095 × 8191. சேர்த்தால் 4096 × 8191. நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன், இந்த இடம் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

தாவலுக்கு வருகிறேன். 2-ஐ அடுக்கடுக்காகப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கிறதா, அங்கே நிறைவெண் பிறக்கும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இந்த வகைதான் என்று நிறுவியவர் ஆய்லர். அடுக்கு 2, 3, 5, 7 உங்கள் நான்கு எண்களைத் தருகின்றன. அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும், அதனால் அடுத்து 11 வர வேண்டும். ஆனால் அந்த அடுக்கில் கிடைக்கும் 2047 = 23 × 89, உடைந்துவிட்டது. அதனால் 13-க்குப் போகிறோம்.

கல்லாப்பெட்டி:
சார், 4096 எழுதவே இல்லை, இப்போதுதான் தாளைப் பார்த்தேன். 8191 பகா எண் என்று சரிபார்க்க 89 வரைக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டுமா?

சாக்பீஸ்:
வேண்டாம். அடுக்கு 13 என்பதால், அதை வகுக்கும் பகா எண் எதையும் 26-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 90-க்குள் 27, 53, 79 மட்டும். 27 பகா எண் இல்லை. 53-ஆல் வகுத்தால் மீதி 29, 79-ஆல் வகுத்தால் மீதி 54. இரண்டே வகுத்தலில் முடிந்தது.

ஒற்றைவரி:
இன்னொன்றும் போட்டுப் பாருங்கள் அண்ணா. 1, 3, 5 என்று 127 வரை உள்ள 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் 33550336. 1-லிருந்து 8191 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் அதுவேதான், அதனால் இது முக்கோண எண்ணும்கூட.

கல்லாப்பெட்டி:
28 = 1 + 27 ஆயிற்றே, அதுவும் இதே மாதிரிதான்! 496-க்கு 7-இன் கனம் வரை கூட்டினேன், சரியாக வருகிறது. நாளை மதியம் 127 வரை போகிறேன்.