உடையுமா, உடையாதா?

பத்தாம்நம்பர் (குடியாத்தம்):
காட்பாடி டாக்டர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னும் ஃபைல் என்கிற மெல்லிய கம்பியைக் கையால் பல்வேருக்குள் விட்டுச் சுரண்டி ரூட் கேனால் செய்கிறவர்கள் மாட்டுவண்டியில் சென்னைக்குக் கிளம்பியவர்கள்" என்கிறார். சரி தம்பி, வண்டிமாடு ரெண்டாக உடைந்து வேருக்குள் மாட்டிக்கொண்டதாக எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? மோட்டாரில் மாட்டிச் சுற்றும் உங்கள் மெஷின் ஃபைல் உடையும்.

காட்பாடி டாக்டர்:
கை ஃபைலும் உடையும் சார். கடைவாய்ப்பல் வேர் வளைந்திருக்கும். கையால் போடும் ஸ்டீல் ஃபைல் 25ஆம் நம்பர் தடிமனைத் தாண்டினால் வளைவுக்கு மடங்காது, தானே நேராக ஒரு வழி வெட்டிக்கொள்ளும். மெஷின் ஃபைலின் நிக்கல் டைட்டானியம் உலோகம் மடங்கும். 1988லேயே பல்வரிசையை நேராக்கக் கட்டும் நிக்கல் டைட்டானியம் கம்பியில் ஃபைல் செய்து காட்டிவிட்டார்கள். அந்தச் செய்தி பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி உங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை போல.

பத்தாம்நம்பர்:
வந்தது, முழுசாக வந்தது. 1988ல் செய்தது கையால் திருகுகிற ஃபைல்! மோட்டார் அப்புறம். பாதி படித்துவிட்டுப் பாடம் எடுக்காதீர்கள்.
கேட்டதற்குப் பதில் எங்கே? என் ஸ்டீல் ஃபைல் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் உடையும். வெளியே எடுத்ததும் பஞ்சில் துடைத்து விளக்குக்கு நேரே பிடிப்பேன். முறுக்கு ஓரிடத்தில் பிரிந்து பளிச்சென்று மின்னினால் நேராகக் குப்பைக்கூடை. உங்களுடையது நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றிக்கொண்டே சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

வாலாஜா வாசகி:
எனக்குக் கையால்தான் செய்தார்கள். மூன்று நாள், தினம் முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்து தாடை பிடித்துக்கொண்டது. தங்கைக்கு மெஷினில் ஒரே நாள். ஆனால் பணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன்?

காட்பாடி டாக்டர்:
ஃபைல் விலை அதிகம் மேடம். அதோடு சில பற்களுக்கு மேல் அதையே பயன்படுத்தக் கூடாது.

பத்தாம்நம்பர்:
ஏன் கூடாது? உடையும்! ஐயாவே ஒப்புக்கொண்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி டாக்டர்:
எங்கே ஒப்புக்கொண்டேன்? அளவுக்கு மேல் இறுகினால் ஃபைலைச் சுற்றும் எண்டோ மோட்டார் தானாகப் பின்னால் சுற்றும். நாங்களும் முதலில் மெல்லிய பத்தாம் நம்பர் ஃபைலைக் கையால் விட்டு வழி பார்த்த பிறகுதான் மோட்டார் போடுகிறோம்.

பத்தாம்நம்பர்:
ஆக, வழி பார்க்க மாட்டுவண்டி வேண்டும். ரோடு போட்ட பிறகு கார். நன்றாக இருக்கிறது நியாயம்.

சத்துவாச்சாரி மாணவி:
"சுத்தம்" என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? மேல்கடைவாய்ப் பற்களை மைக்ரோ சிடி ஸ்கேனில் பார்த்து 2001ல் எழுதியிருக்கிறார்கள். எந்த ஃபைல் போட்டாலும் வேருக்குள் இருக்கும் கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடப்படாமலே இருந்தது. அங்கே வேலை செய்ய வேண்டியது கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் திரவம். எத்தனை நிமிஷம் கழுவுகிறீர்கள் என்று யாருமே பேசவில்லையே?

பத்தாம்நம்பர்:
பாப்பா, கழுவுவது இருக்கட்டும். உடைந்த துண்டு உள்ளே கிடந்தால் தண்ணீர் அதைத் தாண்டி எப்படிப் போகும்?

ஆற்காடு மக்கன்பேடா:
பல்லைக் காப்பாற்ற ஒரே வழி, டாக்டர்கள் பேசுவதை நிறுத்துவது.

காட்பாடி டாக்டர்:
உங்கள் ஊர்ப் பேடாவைப் பாகில் ஊறவைத்து விற்பதால்தான் எங்களுக்கு இவ்வளவு வேலை.

ஆற்காடு மக்கன்பேடா:
பேடாவைத் தொட்டால் நடப்பதே வேறு! தீபாவளிக்கு அரைக்கிலோ வாங்கிப்போன ஆள் யார் என்று சொல்லட்டுமா?

பத்தாம்நம்பர்:
இவர் இப்படித்தான். போன வருஷம் ஞானப்பல் சண்டையிலும் பதில் இல்லாதபோது இட்லி விஷயத்துக்குத் தாவினார். நான் மறக்கவில்லை.

காட்பாடி டாக்டர்:
அன்றைக்கு இட்லியை ஆரம்பித்ததே நீங்கள்தான் சார். பழைய பதிவுகளில் போய்ப் பாருங்கள்.

வாலாஜா வாசகி:
நான் பணம் பற்றிக் கேட்டேன்.

பத்தாம்நம்பர்:
அம்மா, முதலில் தங்கையின் எக்ஸ்ரேயை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேர் நுனிப் பக்கம் வெள்ளையாக, ஊசிமுனை மாதிரி ஏதாவது தெரிகிறதா?