பச்சைத் தட்டா, சிவப்புத் தட்டா?

திருவல்லிக்கேணிவாசி:
பேச்சிலர்கள் வாடகைக்குத் தங்கும் மேன்ஷனில் இருந்த நாட்களில் இரவுச் சாப்பாடு தள்ளுவண்டியில்தான். அந்த அக்கா கடையில் தட்டு இரண்டு நிறம். முதல் நாள் தெரியாமல் சிவப்பை எடுத்து நீட்டினேன். "தம்பி, அது கவுச்சித் தட்டு. இட்லிக்குப் பச்சை எடு" என்றார். போர்டும் கிடையாது, மெனுவும் கிடையாது. என் ரூம்மேட் முட்டைகூடத் தொடமாட்டான். அவனும் நானும் ஒரே வண்டியில் தோளுரசி நின்று சாப்பிட முடிந்தது அந்த நிறத்தை நம்பித்தான். (இரண்டு தட்டையும் ஒரே வாளியில் கழுவினார்கள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.) உங்கள் பக்கம் எப்படி?

மண்ணடிக்காரன்:
சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு வந்த சாப்பாடு. நூடுல்ஸே ஆரஞ்சு நிறம். அதை ஆரஞ்சுத் தட்டில் வைத்துத் தந்தால் எது தட்டு, எது தீனி? நான் போகும் கடையில் நிறத்துக்கு அர்த்தமெல்லாம் இல்லை. கைக்குக் கிடைத்த தட்டு, அவ்வளவுதான். வாழைத்தண்டு சூப் சூடாக இருந்தால் போதும்.

வண்டிக்கடை மகள்:
அர்த்தம் இல்லாமல் இல்லை அண்ணா. அப்பா கடையில் எல்லாம் நீலம். பக்கத்து வண்டியில் மஞ்சள். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே நகர்ந்து போய், தட்டை எங்காவது வைத்துவிடுவார்கள். ராத்திரி கடை கட்டும்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தட்டு மாற்றிக்கொள்வோம், குறைந்தால் சண்டை. வெள்ளை வாங்கினால் மஞ்சள்தூள் கறை ஒரு மாதத்தில் ஏறிவிடும். எவர்சில்வர் என்றால் கொதிக்கிற சாம்பாரோடு நின்றுகொண்டு பிடிக்க முடியாது, உள்ளங்கை பொத்துப்போகும். அதனால்தான் மெலமைன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு.

2019 ஜனவரி 1-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வரும்வரை தட்டு மேலே பாலிதீன் தாள் போட்டோம். கழுவுகிற வேலை மிச்சம். அப்புறம் வாழை இலைத் துண்டு. நீலம் ஓரத்தில் மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் எங்கள் தட்டு எங்களுக்குத் தெரியும்.

திருவல்லிக்கேணிவாசி:
சரிதான் தங்கச்சி. போன மாதம் அக்கா கடைக்குப் போனேன். பழைய தட்டெல்லாம் போய் எல்லாமே எவர்சில்வர், மேலே இலை. "என்ன தம்பி, ரொம்ப நாளாச்சு" என்றவர், தட்டை எடுக்கும் முன் கேட்டார்: "பச்சையா, சிவப்பா?"