ட்ரையாங்கிள் தீ வழக்கு: பூட்டிய கதவுக்கு யாரும் பொறுப்பில்லையா?

கேள்வி:
1911 மார்ச் 25, நியூயார்க். ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் பலி. ஒன்பதாம் மாடியில் வாஷிங்டன் பிளேஸ் தெருப் பக்கக் கதவு பூட்டியிருந்தது என்று சாட்சிகள் சொல்லியும் முதலாளிகள் பிளாங்க், ஹாரிஸ் இருவரும் விடுதலையானது எப்படி? கட்டடம் தீயைத் தாங்கும் வகை என்றும் சொல்கிறார்களே?

பதில் 1:
பூட்டியிருந்ததா என்பதோடு வழக்கு நிற்கவில்லை. அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று ஐயமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதி கிரெய்ன் ஜூரிக்குச் சொல்லிவிட்டார். இடிபாடுகளில் எடுத்த பூட்டின் நாக்கு வெளியே நீட்டியபடிதான் இருந்தது. ஆனால் முதலாளிக்குத் தெரியும் என்று பூட்டு சாட்சி சொல்லுமா? அதோடு எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்டோயர், கேட் ஆல்டர்மன் என்ற சாட்சியை, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஏறக்குறைய அதே சொற்கள் வரவே, மனப்பாடம் செய்து வந்தவர் என்ற எண்ணத்தை ஜூரியிடம் விதைத்தார். இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ப்பு, டிசம்பர் 27.

பதில் 2:
கட்டடம் தாங்கியது உண்மை, இன்றும் நிற்கிறது. எரிந்தது உள்ளே இருந்த சரக்கு. எட்டாம் மாடியில் வெட்டு மேசைக்கு அடியில் துணிக் கழிவு குவிந்திருந்தது, மேலே கம்பியில் துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகள் தொங்கின. தீயணைப்புக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. எட்டிலிருந்து பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது, ஒன்பதுக்குப் போகவில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தீயே நேரில் வந்துதான் சேதி சொன்னது. கிரீன் தெருப் பக்கம் வழி இருந்தது, ஆனால் வேலை முடிந்ததும் பைகளைச் சோதிக்க ஒவ்வொருவராக விடும் ஒடுக்கமான வழி அது. வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி எட்டியது ஆறாம் மாடி வரைதான்.

பதில் 3:
பதில் 2-க்கு ஒரு சேர்ப்பு. கதவுகள் உள்பக்கம் திறப்பவை. 'இயன்றால்' வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதே அன்றைய சட்டம். படிக்கட்டுத் தளம் குறுகல், அதனால் 'இயலவில்லை'! அந்த ஒரு சொல் எத்தனை பேரைக் காவு வாங்கியது பாருங்கள். பிறகு நியூயார்க் மாநிலச் சட்டமன்ற அரசியல்வாதிகள் வாக்னர், ஆல் ஸ்மித் தலைமையில் வந்த விசாரணைக் குழுதான் தானியங்கி நீர்த்தெளிப்பான், தீப்பயிற்சி எல்லாவற்றையும் சட்டமாக்க வைத்தது. சிவில் வழக்கில் 1914-இல் இழப்பீடாகக் கிடைத்தது உயிருக்கு 75 டாலர். அதற்கு முன்பே, 1913-இல், வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக பிளாங்க் மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.