புதுப்பிப்பு: தேக்கடியில் யானை பார்த்தாச்சு

காட்டு யானை பார்க்க மதுரையிலிருந்து தேக்கடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருந்தேன். மழைக்கு முன்னால், கோடையில் போகச் சொன்னீர்கள். அப்படியே தேனி, கம்பம், குமுளி வழியாகப் போய் வந்தோம்.

காட்டோடைகள் வற்றுவதால் யானைகள் ஏரிக்கரைக்கு இறங்கிவிடுகின்றன. மாலைப் படகில் ஒரு கூட்டத்தையே பார்த்தோம். பெரியவை சுற்றி நிற்க, நடுவில் குட்டி தும்பிக்கையால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரில் நிற்கும் பட்டமரங்கள், 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் மூழ்கிய காட்டின் மிச்சம். அந்த அணையின் நீர்தான் இந்த ஏரி. அந்தத் தண்ணீர்தான் சுரங்கம் வழியே வைகைக்கு வந்து நம் வயல்களில் பாய்கிறது. அதையே யானையும் குடிப்பதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

போகிறவர்கள் படகு டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். படகில் தயவுசெய்து கூச்சல் போடாதீர்கள், குட்டியோடு இருக்கும் கூட்டம் மிரண்டுவிடும்.