அறுகம்புல் மகரந்தச் சாறு: பிஎன்யூ (புரத நைட்ரஜன் அலகு) அதிகம், தோலில் தடிப்பு குறைவு. எங்கே தவறு?

துகள் (கேள்வி):
அறுகம்புல் மகரந்தத்திலிருந்து பிரிக் டெஸ்டுக்கான (தோலில் லேசாகக் குத்தி ஒவ்வாமை பார்க்கும் சோதனை) சாறு தயாரிக்கிறோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற ஆய்வு. 5 கிராம் மகரந்தத்தை டைஎத்தில் ஈதரில் கழுவிக் கொழுப்பு நீக்கினோம். 100 மில்லி 0.125 மோலார் அம்மோனியம் பைகார்பனேட்டில் (பிஎச் 8.1) போட்டு அறை வெப்பநிலையில் 48 மணி நேரம் கலக்கினோம். 3,000 ஆர்பிஎம்மில் 15 நிமிடம் சுற்றி, தெளிவை 12–14 கிலோடால்டன் பையில் (அதைவிடச் சிறிய மூலக்கூறுகளை வெளியே விடும் சவ்வுப் பை) ஊற்றி, 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு டயாலிசிஸ் செய்தோம். கெல்டாலில் (நைட்ரஜனை அளக்கும் முறை) மில்லிக்கு 22,000 பிஎன்யூ வந்தது. பிறகு சம அளவு கிளிசரின் சேர்த்தோம்.

இப்போது மூன்று சிக்கல்கள். 0.22 மைக்ரான் ஃபில்டர் 10 மில்லியிலேயே அடைத்துக்கொள்கிறது. சாறு கரும்பழுப்பாக இருக்கிறது. தரப்படுத்திய சாறு 7 மிமீ தடிப்பு தரும் அதே நபரிடம் எங்களுடையது 3 மிமீதான் தருகிறது. பிஎன்யூ இவ்வளவு இருந்தும் ஏன்?

வீழ்படிவு:
முதலில் அந்த 22,000ஐ நம்பாதீர்கள். 1 பிஎன்யூ என்பது 0.01 மைக்ரோகிராம் புரத நைட்ரஜன். 0.125 மோலார் அம்மோனியம் பைகார்பனேட்டில் மில்லிக்கு 1.75 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதாவது மகரந்தமே போடாத வெறும் பஃபர் 1,75,000 பிஎன்யூ காட்டும். 100 மில்லி சாற்றை 1 லிட்டர் தண்ணீரில் ஒரே முறை வைத்தால் பஃபர் பதினொன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். மிச்சம் மட்டுமே ஏறக்குறைய 16,000. உங்கள் புரதம் சுமார் 6,000தான். பாஸ்ஃபோடங்ஸ்டிக் அமிலத்தில் வீழ்படிய வைத்து அளந்திருந்தாலும் தப்ப முடியாது, அம்மோனியமும் அதோடு சேர்ந்து படியும்.

20 மடங்கு தண்ணீரில், 4 டிகிரியில், குறைந்தது நான்கு முறை மாற்றுங்கள். வெறும் பஃபரையும் ஒரு பையில் கட்டி அதே பாத்திரத்தில் போட்டு, கடைசியில் அதையும் கெல்டாலில் ஓட்டிக் கழியுங்கள். புரதத்தை பிராட்ஃபோர்டிலும் (சாயத்தைக் கொண்டு புரதம் அளக்கும் முறை) பாருங்கள், அங்கே அம்மோனியம் குறுக்கிடாது. பிசிஏ (புரதம் அளக்கும் இன்னொரு முறை) வேண்டாம். அதை அம்மோனியமும் கெடுக்கும், ஃபீனாலும் கெடுக்கும்.

சல்லடை:
ஃபில்டர் அடைப்பதற்குக் காரணம் ஸ்டார்ச். புல் மகரந்தம் ஊறி உடையும்போது ஒவ்வொரு மணியிலிருந்தும் மைக்ரான் அளவிலான ஸ்டார்ச் துகள்கள் நூற்றுக்கணக்கில் வெளியேறும். ஆர்பிஎம்மைச் சொல்லிப் பயனில்லை, ரோட்டருக்கு ரோட்டர் அது மாறும். 10,000 ஜி, 30 நிமிடம், 4 டிகிரி. அடியில் வெள்ளைப் படலமும் அதன்மேல் மஞ்சள் படலமுமாகத் தெரிந்தால் சரியாகப் படிந்திருக்கிறது. கடைசி ஒரு சென்டிமீட்டரை உறிஞ்சாமல் விட்டுவிடுங்கள். பிறகு 1.2, 0.45, 0.22 என்று படிப்படியாக. மெம்பிரேன் பிஇஎஸ் (பாலிஈதர்சல்ஃபோன்) ஆக இருக்கட்டும். நைட்ரோசெல்லுலோஸ் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நீர்த்த சாற்றில் அந்த இழப்பு பெரிது.

பழுப்பு நிறம் ஃபீனாலிக் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருகிறது. காரமான பிஎச், அறை வெப்பம், 48 மணி நேரம், மூன்றும் அதற்குத் தோது. அந்த நிறமிகள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் ஒவ்வாமைப் புரதத்தின் வடிவமே மாறலாம், மகரந்தத்தின் புரோட்டியேஸ்களும் சும்மா இருக்காது. ஒவ்வாமைப் புரதங்களில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கரைந்து வந்துவிடும். பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்), பிஎச் 7.4, 4 டிகிரி, 16 மணி நேரம் போதும். நுரை பொங்கும் வேகத்தில் கலக்காதீர்கள். நிறம் இன்னும் அடங்கவில்லை என்றால் கரையாத பிவிபிபி (ஃபீனாலிக் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர் தூள்) 1 சதவீதம் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் நீக்கிவிடுங்கள்.

ஈதர் முழுக்க ஆவியான பிறகுதான் பஃபர் ஊற்ற வேண்டும். ஃபியூம் ஹூடில் ஓர் இரவு பரப்பி வையுங்கள், சூடு காட்டக் கூடாது. தூள் கட்டியாக இல்லாமல் மணலைப் போல உதிர வேண்டும்.

குப்பி:
இருவர் சொன்னதும் சரி. ஆனால் டயாலிசிஸ் பையை யாரும் தொடவில்லை. 12–14 கிலோடால்டன் பையில் புரொஃபிலின் (சுமார் 14), பால்கால்சின் (சுமார் 9) என்ற சிறிய ஒவ்வாமைப் புரதங்கள் நழுவிப் போகும். வீழ்படிவு சொன்ன நான்கு மாற்றங்களை அந்தப் பையிலேயே செய்தால் இழப்பு இன்னும் கூடும். 3.5 கிலோடால்டன் பை வாங்குங்கள். முக்கியப் புரதமான சின் டி 1 சுமார் 30 கிலோடால்டன், அது எப்படியும் தங்கும். ஜெல்லில் அந்தப் பட்டை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அறுகில் ஐந்தாம் தொகுதிப் புரதம் (திமோத்தி போன்ற புற்களில் உள்ள ஒவ்வாமைப் புரதம்) கிடையாது, திமோத்திப் புல்லின் ஜெல்லை வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது கிளிசரின். 1:20 சாற்றில் (1 கிராம் மகரந்தத்துக்கு 20 மில்லி) சம அளவு கிளிசரின் ஊற்றினால் கையில் இருப்பது 1:40. இறுதியில் 1:20 வேண்டுமென்றால் 1:10இல் ஊறவையுங்கள். கிளிசரினை சிலிண்டரில் அளக்காமல் எடை போடுங்கள், 50 மில்லிக்கு 63 கிராம். அதைத் தனியாக 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து ஆறவிட்டு, வடிகட்டிய சாற்றோடு லேமினார் ஹூடில் கலக்க வேண்டும். கலந்த பிறகு வடிகட்ட முயன்றால் பிசுபிசுப்பே ஃபில்டரை நிறுத்திவிடும்.

மகரந்தத் தூய்மையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் எண்ணுங்கள். வேற்று மகரந்தம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பூஞ்சை வித்துகளும் அப்படியே. 5 கிராமில் கால்வாசி மகரந்தப்பைத் துணுக்காக இருந்தால் 1:20 என்ற கணக்கே பொய்.

துகள்:
மிக்க நன்றி. 3.5 பையோடும் பிபிஎஸ்ஸோடும் மறுபடி தொடங்குகிறோம். இதே குப்பியிலிருந்து இன்ட்ராடெர்மலும் (தோலுக்குள் ஊசியாகச் செலுத்தும் சோதனை) போடலாமா?

குப்பி:
கூடாது. 50 சதவீத கிளிசரின் தோலுக்குள் போனால் ஒவ்வாமையே இல்லாதவருக்கும் தடிக்கும். செறிவும் ஆபத்து. இன்ட்ராடெர்மலுக்கு பிரிக் சாற்றைவிட 100 முதல் 1,000 மடங்கு நீர்த்தது வேண்டும். அதை 0.03 சதவீத ஆல்புமின் கலந்த உப்புநீரில் தனியாகச் செய்யுங்கள். ஆல்புமின் இல்லாவிட்டால் இவ்வளவு நீர்த்த புரதம் குப்பிக் கண்ணாடியிலேயே ஒட்டிவிடும்.

பிரிக்குக்கும் புதிய தொகுதியை உடனே யாருக்கும் குத்தாதீர்கள். தயோகிளைக்கோலேட், சோயாபீன் கேசீன் இரண்டு ஊடகத்திலும் 14 நாள் ஸ்டெரிலிட்டி முடியட்டும். கெடாமல் இருக்க ஃபீனால் சேர்த்திருந்தால் மெம்பிரேனைக் கழுவிவிட்டு வளர்க்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் முளைக்காது. அதன்பின் ஒவ்வாமை இல்லாத தன்னார்வலர்களிடம் எரிச்சல் தருகிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் கன்ட்ரோல் உப்புநீர் அல்ல, அதே 50 சதவீத கிளிசரின் கரைசல். பாசிட்டிவுக்கு மில்லிக்கு 10 மில்லிகிராம் ஹிஸ்டமின். 15 நிமிடத்தில் அளந்து, நெகட்டிவைவிட 3 மிமீ கூடுதலாக இருந்தால்தான் பாசிட்டிவ். அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீழ்படிவு:
ஒரே ஒரு சேர்க்கை: பழைய தொகுதியைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டையும் அதே நோயாளி சீரத்தில் எலிசா இன்ஹிபிஷன் (சீரத்திலுள்ள ஆன்டிபாடியைச் சாறு எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும் சோதனை) ஓட்டினால், எவ்வளவு இழந்திருந்தீர்கள் என்பது எண்ணாகவே தெரியும்.